ரிட்டர்ன் லோடு ஏற்றிய பூதப்படை

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு நாமக்கல் ஜில்லாவின் தலையில் எப்படி விழுந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஐங்கோள் கூட்டரசின் தலைமையகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தை விரித்து, மழை பெய்யாத, மலை மறைக்காத, கேள்வி கேட்காத சமவெளி ஒன்றைத் தேடியிருக்கிறார். ராசிபுரத்துக்குத் தெற்கே அவர் விரல் நின்றுவிட்டது. அன்றிலிருந்து கிரகக் காவல் ரெஜிமெண்ட் அங்கேதான் இருக்கிறது. எதிரி இன்று வருவான், நாளை வருவான் என்றார்கள். எதிரிக்கும் நம் ஊர் விலாசம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, முப்பது வருஷமாக வரவில்லை.

ரெஜிமெண்டின் ஆயுதம் மூன்று மாடி உயர இரும்பு ஆள். நெஞ்சுக்கூட்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து ஓட்டினால் இரண்டு காலில் பஸ் வேகத்துக்கு நடக்கும். காகிதத்தில் அதன் பெயர் நடைக்கவசப் போர்ப்பொறி. அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸே போய்விடும் என்பதால் ஊரார் பூதம் என்று கூப்பிட்டார்கள். கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பது பழைய கதை. இங்கே பூதம் கிளம்பி வந்து கிணறு வெட்டிக் கொடுத்தது. காற்றில் பறந்த கோழிப்பண்ணைக் கூரையை எடுத்து வைத்தது, பள்ளத்தில் கவிழ்ந்த லாரியை நிமிர்த்தியது, தேருக்கு முட்டுக்கட்டை போட்டது. நட்சத்திரங்களைச் சுட்டுத்தள்ளச் செய்த கையால் முருங்கைக்காய் பறித்துக் கொடுத்ததாகக்கூடச் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லாரிக் குடும்பத்துப் பிள்ளைகள். சும்மா இருப்பார்களா? பூதங்களின் நெற்றியில் கன்னிமார் துணை, மார்பில் நாக்கைத் துருத்திய திருஷ்டி பொம்மை, முதுகில் ஒலி எழுப்பவும். எல்லாம் லாரி பாடி கட்டும் பட்டறையில் எழுதியது. விண்வெளியில் ஒலி எழும்பாது என்று யாரோ சொன்னதற்கு, எழும்பாவிட்டால் போகட்டும், எழுதியிருந்தால் ஒரு லட்சணம் என்று பதில் வந்தது.

ஒரே ஒரு பூதம் மட்டும் மொட்டைச் சாம்பல் நிறத்தில் நின்றது. அது தமிழினியுடையது.

தமிழினி திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் போர்முனைப் படங்களைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் வெளிவட்டப் போர்முனையில் பூதம் ஓட்டுவேன் என்று முடிவுகட்டிப் படையில் சேர்ந்தவள். சேர்ந்து பதினோரு வருஷம். அதில் அவள் வென்ற மிகப்பெரிய போர், சென்னியம்மாளின் கோழிப்பண்ணைத் தகரத்துக்கும் ஆடிக்காற்றுக்கும் நடந்ததுதான். சென்னியம்மாள் முகாமுக்கு எதிரே பண்ணை வைத்திருந்தவர். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் அவருடைய போன் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் தமிழினி பல்லைக் கடித்துக்கொண்டு போய்த் தகரத்தை வைத்துவிட்டு வருவாள். முப்பத்தைந்து தாண்டியவர்களைப் போர்முனைக்கு எடுக்கமாட்டார்கள். அவளுக்கு முப்பத்துநாலு.

அந்தச் சமயத்தில்தான் சும்மா கிடந்த சங்கை ஊத ஓர் ஆண்டி வந்தார். தலைமையகத்திலிருந்து ஆய்வுத் தளபதி. வெள்ளி முடியை ஒட்ட வெட்டிய அம்மாள், வேறு கிரகத்துக்காரர், செய்தி வாசிக்கிற மாதிரி தமிழ் பேசினார். அணிவகுப்பில் நின்ற திருஷ்டி பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 

"நாளை காலை முழுப் படையும் வெடிமருந்துப் பெட்டிகளுடன் மேட்டூர் செல்ல வேண்டும்" என்றார். "அணையருகே பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு முகாம் திரும்ப வேண்டும். போர்முனையில் தினமும் நடப்பது இதுதான். இதில் தேறுபவர்கள் என்னுடன் போர்முனைக்கு வருவார்கள்."

படை முழுக்க முகம் தொங்கிவிட்டது. அவர்களில் ஒருவனான சந்தோஷ்குமாருக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் தேறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பக்கத்தில் நின்றவனைக் காதோரம் கேட்டான். தமிழினி மட்டும் நிமிர்ந்து நின்றாள். இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் ஓய்வு பெறும்வரை தகரம்தான்.

மறுநாள் காலை எல்லாப் பூதங்களின் பாதத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. வைத்தவர் சுபேதார் சின்னுசாமி. படையிலேயே மூத்தவர், அதற்கு முன் பதினைந்து வருஷம் நாசிக் லைனில் லாரி ஓட்டியவர். தமிழினியின் பூதத்துக்கு முன்னாலும் குனிந்தார்.

"அது வேண்டாங்க" என்றாள் தமிழினி மேலிருந்து. "ராணுவ விதியில எலுமிச்சம்பழம் இல்லீங்க."

"விதியில நம்ம ஊரே இல்ல சாமி" என்றார் சின்னுசாமி, பழத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டே. "செரி, உன் இஷ்டம். மேட்டூர்ல பெட்டிய எறக்கிப்போட்டுச் செத்த நேரம் நில்லு. ரிட்டர்ன் லோடு என்ன கெடைக்குதுன்னு பாத்துட்டு எல்லாருஞ் சேந்து வரலாம்."

"இது பயிற்சிங்க. லாரி ட்ரிப் இல்லீங்க."

"எதா இருந்தா என்ன? வெறும் வண்டியத் திருப்பிக்கிட்டு வர்றது பாவம் சாமி."

லாரிக்காரர்களின் வேதம் அவ்வளவுதான். போகிற லோடு முதலாளிக்கு, வருகிற லோடு மனசாட்சிக்கு. காலி வண்டியோடு ஊர் திரும்பினவனைச் சாவு வீட்டில்கூட ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தமிழினி தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் நடந்ததை நேர்மையாகச் சொன்னால், அழகு. ஓர் அடி பிசகவில்லை. சேலத்தைச் சுற்றி, ஓமலூரைத் தாண்டி, அனல்மின் நிலையத்துப் புகையை வலது கைப்பக்கம் வைத்து, முதல் ஆளாக அணைக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கினாள். பின்னால் வந்தவர்கள் பெட்டியை இறக்கிய கையோடு மீன்காரர்களிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ராசிபுரம் சந்தைக்குப் போக வேண்டிய கூடைகள் வரிசையாகக் காத்திருந்தன. தமிழினி திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

மேச்சேரி தாண்டியதும் சாலையோரத்தில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. உள்ளே கல்யாணச் சமையலுக்குக் கொண்டுபோய்த் திரும்பிய பெரிய டேக்சாப் பாத்திரங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் தூக்கினார். ராசிபுரத்து நெய் வியாபாரி கரீம் பாஷா. அவருடைய மனைவி ரஹமத் பீவி மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

"வீட்டுக்காரிக்குச் சர்க்கரை எறங்கிப்போச்சு போல இருக்கும்மா" என்றார் கரீம் பாஷா அண்ணாந்து பார்த்து. "வர்ற வண்டி ஒண்ணும் நிக்கல. சேலத்துல ஆஸ்பத்திரியில விட்டுட்டாப் போதும்."

தமிழினி நின்றாள். நிற்கவில்லை என்று சொன்னால் பாவம். கை நெம்புகோலுக்குப் போனது. குனிந்து தூக்கி, சேலத்துக்குள் புகுந்து, ட்ராஃபிக்கில் மாட்டி வெளியே வருவதற்குள் முதலிடம் போய்விடும். விதிப்படி வழி மாறினாலே தோல்வி. பதினோரு வருஷத் தகரம் கண்முன்னால் வந்து நின்றது.

"பயிற்சி நடக்குதுங்க பாய்" என்றாள் ஒலிபெருக்கியில். "பின்னாடி வர்றவங்க பாப்பாங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். பின்கண்ணாடியில் அந்தம்மாள் இன்னும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது ஒரு வளைவு வரைக்கும் தெரிந்தது.

முகாமுக்கு அவள்தான் முதலில் வந்தாள். தளபதி கடிகாரத்தைப் பார்த்து, "விதிப்படி ஒரு குறையும் இல்லை" என்றார். தமிழினிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே இத்தனை வருஷம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் மைல்கல் ஒன்று குறுக்கே வந்தது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

படை வந்து சேர வெயில் தாழ்ந்துவிட்டது. வந்த லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. முன்னால் நாலு பூதம் தலைமேல் மீன்கூடை. அடுத்து வந்தது வழியில் யாரோ கேட்டுக்கொண்டதற்காகச் சுமந்து வந்த வைக்கோல் போர். நடுவே இரண்டு பூதம் பல்லக்கு மாதிரி அந்தக் குட்டியானையைத் தூக்கி வந்தன. உள்ளே கரீம் பாஷா ஒரு டேக்சாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். அந்த டேக்சாவில் மிச்சமிருந்த பிரியாணி ஓமலூருக்கு முன்பே தீர்ந்துவிட்டது என்பது பூதங்களின் நடையிலேயே தெரிந்தது. கடைசியாக வந்தவன் சந்தோஷ்குமார். ரஹமத் பீவியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி, சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டு ஸ்கூட்டர்களைக் காலிடுக்கில் போகவிட்டு, ஓர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, ஊசி போட்டுக் கண் திறந்து வீட்டார் வந்து சேரும்வரை நின்றுவிட்டு வந்திருந்தான்.

"வழி மாறினாய்" என்றார் தளபதி.

"ஆமாங்க" என்றான் சந்தோஷ்குமார், மிகுந்த மகிழ்ச்சியோடு. "தேறலைங்களா?"

தளபதி சின்னுசாமியிடம் திரும்பினார். "யார் சொல்லி இதையெல்லாம் ஏற்றி வந்தீர்கள்?"

"யாரும் சொல்லலீங்க. வெறும் வண்டியா எப்படிங்க வர்றது?" என்றார் சின்னுசாமி. கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

தளபதி குட்டியானையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். பிறகு பேசியபோது செய்தி வாசிக்கும் குரல் இல்லை.

"போர்முனையில் வெடிமருந்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு எல்லாரும் விதிப்படி விரைந்து திரும்பிவிடுகிறார்கள். காயம்பட்டவர்கள் வழியோரத்தில் கிடப்பார்கள். கையைத் தூக்குவார்கள். அடுத்த வண்டி பார்த்துக்கொள்ளும் என்று போய்விடுவார்கள். அடுத்ததும் அப்படியே. என் மகன் அப்படித்தான் கிடந்தான்."

மீன்கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சண்டை போட எனக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை" என்றார் தளபதி. "திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரத் தெரியாத ஆட்கள்தான் இல்லை. வயது வரம்பு பார்க்கப்போவதில்லை, நீங்கள் அனைவரும் வருகிறீர்கள்." தமிழினியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "விதிப்படி இந்தக் கிரகத்தில் ஒரு பூதமாவது காவலிருக்க வேண்டும். விதி தெரிந்தவர் நீங்கள். இருங்கள்."

வேலை தெரிந்தவன் தலையில்தான் வேலை விழும் என்பது இதுதான். போக ஆசைப்படாதவர்களெல்லாம் போனார்கள். சந்தோஷ்குமாரின் கல்யாணம் மாசிக்குத் தள்ளிப்போனது, எந்த வருஷத்து மாசி என்று மட்டும் சொல்லவில்லை. விண்கப்பலில் ஏறுமுன் ஒவ்வொரு பூதமும் ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஏறியது. சின்னுசாமி ஒரு பழத்தைத் தமிழினியின் கையில் வைத்தார்.

"நான் எங்கயும் போகலீங்களே" என்றாள் அவள்.

"இருந்தாலும் வெச்சுக்க சாமி" என்றார்.

கப்பல் போன பிறகு அவள் கொட்டகையில் உட்கார்ந்து அழுதாள். போக முடியாததற்குப் பாதி. மீதி எதற்கென்று அவளுக்கே தெரியும், ஆனால் பெயர் சொல்ல வாய் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் ராசிபுரத்திலிருந்து பஸ் பிடித்து கரீம் பாஷாவும் ரஹமத் பீவியும் முகாமுக்கு வந்தார்கள். கையில் துணி கட்டிய பெரிய பாத்திரம். மொட்டை வெயிலில் காலிக் கொட்டகைகள் வரிசையாகக் கிடந்தன. ஒரே ஒரு சாம்பல் பூதம் நின்றது.

"எங்களத் தூக்கியாந்த புள்ளைங்க எங்கம்மா?" என்றார் ரஹமத் பீவி. "நெய்ச்சோறு ஆக்கியாந்தேன்."

"போர்முனைக்குப் போயிட்டாங்கம்மா."

"அல்லா காப்பாத்தட்டும். நீ போகலியா?"

தமிழினி இல்லை என்று தலையாட்டினாள். ரஹமத் பீவி அவளைப் பார்த்தார், பிறகு பூதத்தை அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் எழுத்தில்லை, மார்பில் பொம்மையில்லை.

"முன்னாடி போன பொண்ணு நீதானே?"

"ஆமாங்கம்மா" என்றாள் தமிழினி. "தப்புப் பண்ணிட்டேங்கம்மா."

"பின்னாடி வர்றவங்க பாப்பாங்கன்னு சொன்னே. பொய் சொல்லல நீ. பாத்தாங்க" என்றார் ரஹமத் பீவி. திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை, விலை விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகத்தான் பேசினார். பாத்திரத்தின் துணியை அவிழ்த்து, ஒரு தட்டு நிறைய வைத்து அவளிடம் நீட்டினார். பிறகு காலிக் கொட்டகைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இப்ப உனக்குப் பின்னாடி யாரும்மா வர்றாங்க?"

தமிழினி தட்டை வாங்கிக்கொண்டாள். 

போன் அடித்தது. சென்னியம்மாள்.

"தமிழு, மூணு தகரம் காத்துல போயிருச்சு சாமி. ராசிபுரம் ரோட்டோரம் கெடக்குதாம்."

"வாரேனுங்க" என்றாள் தமிழினி. தட்டைக் காலிசெய்து கழுவி வைத்தாள். மாடத்திலிருந்து சின்னுசாமி கொடுத்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பூதத்தின் பாதத்துக்கு முன்னால் வைத்தாள். பழம் கொஞ்சம் வாடியிருந்தது. பிறகு, பஸ்ஸுக்குக் கிளம்பிய இருவரையும் கூப்பிட்டாள்.

"நானும் ராசிபுரம் பக்கந்தான் போறனுங்க. ஏறிக்குங்க."

பூதம் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கையையும் தரையில் விரித்தது. கரீம் பாஷா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.