கேமராவா, கிளைடா?

1

இந்தக் கதை கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் துருவித் துருவிக் கேட்டால் எனக்குச் சங்கடம். அமெரிக்காவில், இண்டியானாவின் வடபகுதியில், வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் வீடுகளுக்கான உதிரிச் சாமான் கடை ஒன்றில் என் டிரெய்லரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வாங்கப் போயிருந்தேன். அடுத்த வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் அலமாரி. முகம் தெரியவில்லை. "உன் கைக்கு இது எவ்வளவோ மேல்" என்று அந்த அம்மாள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அந்த ஒரு வரியைத் திருடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "ஏரிக்கரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அப்போது தூரத்தில் ஒரு"

வேண்டாம். அவர்கள் இன்னும் ஏரிக்கே போகவில்லை. போவார்களா என்பதுதான் கதை.

இரண்டாம் தொடக்கம்: "நடீன், வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து"

இதுவும் வேண்டாம். விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. (தவிர, பள்ளிப் பேருந்து ஓட்டியவள் என்றால் டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பது அவளுக்குத் தூசு. கதை அங்கேயே படுத்துவிடும். அவளைப் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்த்திவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: "கிளைடுக்கு உலகத்தின் வலது பாதி காணாமல் போயிருந்தது."

இது தேறும்.

குளிர்காலத்தில் நடீனின் கணவர் கிளைடின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆள் பிழைத்தார். பேச்சு, நடை, வாய்த்துடுக்கு எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. கண்களிலும் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் வலப்பக்கம் மட்டும் தெரியாது. இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோடை தவறாமல் மிச்சிகனில் ஒரு ஏரிக்கரைக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இவர்கள். ஓட்டுவது கிளைட். டிரெய்லருக்குப் பின்னால் நின்று வா, வா, நிறுத்து என்று கை காட்டுவது நடீன். இப்போது இடம் மாற வேண்டும்.

"நீ ஓட்டு. நான் கை காட்டறேன்," என்றார் கிளைட். "சேந்து நிறுத்த முடிஞ்சா போவோம். முடியலேன்னா என் தம்பிகிட்டயே வித்துடலாம். அவனும் நாக்கைத் தொங்கப் போட்டுட்டுதான் அலையறான்."

நடீனுக்கு டிரெய்லரை விற்க மனமில்லை. அந்த ஏரியில்லாத கோடை அவளுக்குக் கோடையே இல்லை.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த ஏரிக்கரையில் புது டிரெய்லர் ஒன்று தனக்கு ஒதுக்கிய இடத்துக்குள் பின்னுக்கு வர ஆரம்பித்தால், மற்றவர்கள் நாற்காலியையும் காப்பியையும் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். டிவி எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். கேட்காமல் யாரும் உதவ மாட்டார்கள். உதவினால் அவமானம். எத்தனையோ தம்பதிகள் அங்கே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இரவுச் சாப்பாட்டை முடித்திருக்கிறார்கள். கிளைட் மட்டும் ஒரே மூச்சில் உள்ளே நுழைப்பார். அதற்குக் கைதட்டல் உண்டு. அதைக் காதில் வாங்காதவர்போல இறங்குவதில்தான் அவருக்குப் பெருமை.

3

தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்த ஒரு நாள், ஒத்திகை பார்க்கப் போனார்கள். கிளைட் பின்னால் நின்றார். நடீன் கண்ணாடியில் அவர் கையைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

"வா. வா. அப்படித்தான். இன்னும் வா."

டமால் என்று ஒரு சத்தம். வலப்பக்கம் குப்பை டிரம் நசுங்கிக் கிடந்தது. டிரெய்லர் திரும்பியிருந்ததால் அந்தப் பக்கம் அவள் கண்ணாடிக்கு எட்டவில்லை. அவருக்கோ அந்தப் பக்கமே கிடையாது. கை இன்னும் வா, வா என்றே ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. உள்ள தட்டு ஏதோ விழுந்திருக்கும்," என்றாள் நடீன்.

(ஏன் பொய் சொன்னாள் என்று ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அந்த ஆடும் கையைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.)

4

இப்போது கடை.

"இந்த மஞ்சக் கட்டை போதும். சக்கரத்துக்கு அடியில அடுக்கினா மட்டம் வந்துரும்," என்றாள் நடீன்.

"குனிஞ்சு அடுக்கணுமே. யாரு அடுக்கறது?"

"இத்தனை வருஷம் யாரு குனிஞ்சா? பக்கத்து வீட்டுக்காரனா?"

"அதுக்குத்தான் சொல்றேன். இந்த வளைஞ்ச மேட்டை எடுப்போம். நீ மெதுவா சக்கரத்தை ஏத்து. ரசமட்டத்துல குமிழி நடுவுக்கு வந்ததும் நான் நிறுத்தச் சொல்றேன்."

மேடு கடையின் தள்ளுவண்டியில் ஏறியது. டிரெய்லர் காற்றில் அலையாமல் அடக்கும் கம்பி ஏறியது; அதை முறுக்க கிளைட் வேண்டும். மட்டத்தை போனிலேயே காட்டும் கருவியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"போன்ல குமிழி பாக்கறதுக்கா நான் மிச்சிகன் வரைக்கும் வர்றேன்?"

அவர் எடுத்த ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. அது நடீனுக்கும் புரிந்தது. புரிந்தும், டிரெய்லரின் பின்னால் ஒட்டினால் ஓட்டுகிறவருக்கே பின்பக்கத்தைக் காட்டிவிடும் கேமராவை எடுத்து வண்டியில் போட்டாள்.

"இது எதுக்கு? நான்தான் இருக்கேனே."

"இருக்கட்டும்ப்பா. மழை பெய்யும், இருட்டும்."

"மழைக்குக் கோட்டு இருக்கு. இருட்டுக்கு டார்ச் இருக்கு."

"சொன்னா கேக்க மாட்டியா நீ? உன் கைக்கு இது எவ்வளவோ மேல்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது.

5

இந்த இடத்தில் டார்லா என்ற கடைக்காரப் பெண்ணை உள்ளே விட்டேன். அவள் வந்து, "எந்தக் கேமராவும் வாழ்க்கைத் துணைக்கு ஈடாகாதுங்க" என்றாள். எனக்கே வாந்தி வந்தது. அவளைச் சாப்பாட்டு இடைவேளைக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் திரும்பவில்லை.

முடிவுகளைப் பார்ப்போம். கேமராவைத் திருப்பி வைத்துவிட்டு கிளைடின் கையை நம்பிப் போகிறாள் என்று எழுதலாம், இனிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் இருக்கிறார்கள். டிரம் நசுங்கினால் பரவாயில்லை. கேமராவை வாங்குகிறாள், கிளைடும் மற்றவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார் என்று எழுதலாம், பத்திரமான முடிவு. அதை எழுதிவிட்டு எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. டிரெய்லரைத் தம்பியே வாங்கிக்கொள்கிறான் என்றால், அந்தத் தம்பியை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

6

முதல் பிரதியில் கிளைட் அழுதார். வெட்டிவிட்டேன். இந்த ஊர் ஆண்கள் கடையில் அழ மாட்டார்கள். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படிப்பார்கள். கேமராப் பெட்டியை இடப்பக்கமாகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் படித்தார். படித்துக்கொண்டே கேட்டார்:

"அன்னைக்கு சர்ச்சுல விழுந்தது தட்டு இல்லதானே?"

நடீன் வாயைத் திறந்தாள்.

அவளுக்காக நான் நிறைய எழுதிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அது என் குரலாகவே ஒலிக்கிறது. இருபது வருடமாக இந்த மனிதர்கள் நடுவில் டிரெய்லர் இழுக்கிறேன், ஆனால் பாதி உலகத்தைத் தொலைத்தவரோடு நான் குடித்தனம் நடத்தியதில்லை. உங்களில் யாராவது நடத்தியிருக்கலாம். பதிலை நீங்களே சொல்லுங்கள். மெய்யோ பொய்யோ, உங்கள் இஷ்டம்.

ஒன்றே ஒன்று. நடீன் இவ்வளவு நேரமும் அவருக்கு வலப்பக்கம் நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்று சொல்லுங்கள். அங்கே நின்றால்தான் அவருக்கு உங்கள் முகம் தெரியும்.