திரையில் வந்த கால்சியம்

வேலப்பன்சாவடி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்களை ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துப்போனார்கள். வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். ஆராய்ச்சி மாணவி ஸ்வாதி அக்கா ஒரு கம்பியை வளைத்துச் சுடுநீரில் போட்டார். அது தானாக நிமிர்ந்தது. ஏன் என்று அரை மணி நேரம் விளக்கினார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரிந்ததா என்றதும் எல்லோரும் தலையாட்டினோம்.

பிறகு கம்பியில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள் தள்ளினார். பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அது திரையில் காட்டுமாம்.

"இதுல நிக்கலும் டைட்டானியமும் மட்டும்தான் வரும், பாருங்க."

திரையில் கால்சியமும் வந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் கால்சியம்.

"இன்னா ஜாஸ்லின், அவங்களுக்கே புரியல போல கீது," என்று என் காதில் சொன்னான் பக்கத்திலிருந்த ஜாக்சன்.

அக்கா தட்டை வெளியே எடுத்தபோது பார்த்தேன். ஓரத்தில் காய்ந்த விபூதிப் பட்டை. அதன் தூள் கம்பியிலும் ஒட்டியிருந்தது. முந்தாநாள்தான் ஆயுத பூஜை.

"இத யாருக்கா வெச்சது?"

"நான்தான். மெஷின் கதவுல மட்டும் வெச்சா போதாதுன்னு உள்ளயும் வெச்சேன்."

துடைத்துவிட்டு ஓட்டினார். கால்சியம் போய்விட்டது.

"அப்போ அடுத்த வருஷம் வெக்க மாட்டீங்கல்ல?" என்றேன்.

அக்கா மெஷின் கதவைச் சாத்தினார்.

"வெக்காம மெஷின் ஓடணுமே," என்றார்.