மாப்பிள்ளை பழக்கிய தீப்பெட்டிகள்

தீப்பெட்டிகளுக்கு விளையாடக் கற்றுக்கொடுக்கப் போவதாகத் தென்காசிக் கணக்கு வாத்தியார் நாறும்பூநாதன் சொன்னபோது பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தாராம். அந்த ரோசத்தில்தான் 1963 கோடை லீவு முழுவதும் பண்பொழியில் மாமனார் வீட்டிலேயே பெட்டிகளைப் பரப்பி உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் பிள்ளைகள் ஆடுவதுதான். ஒன்பது கட்டம், ஒருவருக்கு வட்டம், ஒருவருக்குப் பெருக்கல், ஒரே வரிசையில் மூன்று சேர்ந்தால் ஜெயம். ஆட்டத்தில் வரக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தீப்பெட்டி. உள்ளே பல நிறப் பாசிமணிகள், நிறத்துக்கு ஒரு கட்டம். கண்ணை மூடி ஒரு மணியை எடுத்து, அதற்குரிய கட்டத்தில் பெருக்கல் போட வேண்டும். ஜெயித்தால் அந்த நிற மணிகளைக் கூட்ட வேண்டும், தோற்றால் எடுத்த மணியைத் தூர எறிய வேண்டும். யாரும் பாடம் நடத்தாமலே, பட்டுப் பட்டுப் பெட்டிகளுக்குப் புத்தி வந்துவிடும்.

எதிரே ஆடியவர்கள் மனைவி வடிவம்மாளும் மச்சினன் தங்கசாமியும். பெட்டிகள் ஜெயித்துத் தள்ளின. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. குற்றாலத்தில் சீசன் பொருட்காட்சி தொடங்கியதும் மேஜை போட்டு, பள்ளிக்கூடத்தையே கூப்பிட்டு, மாமனார் வீட்டாரை முன்னால் உட்காரவைத்தார்.

தலைமையாசிரியர் ஆதம் மூன்றே வட்டத்தில் ஜெயித்தார். மறுபடியும் ஜெயித்தார். பின்னால் வந்தவர்களும் ஜெயித்தார்கள். எதிராளி மூன்றாவதைப் போட வரும்போது பெட்டிகள் தடுக்கவே இல்லை. தடுக்கும் அவசியம் அவற்றுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"யாரு கூட ஆடிப் பழக்குனீரு, வே?" என்று கேட்டார் ஆதம்.

"மாமனார் வீட்டுலதான் சார்."

"மாப்பிள்ளையோட பெட்டிய எந்த வீட்டுல வே தோக்கடிப்பாவ?"

கூட்டம் சிரித்தது. சாரலிலும் வாத்தியாருக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். "ஏட்டி, வேணும்னேயா தோத்தீங்க?"

"ஆமா."

"மாப்பிள்ளைங்கிற மரியாதையா?"

"மரியாதை பாதி." வடிவம்மாள் தயங்கினாள். "போன தீவாளிக்கு ஆடுபுலியில அப்பாகிட்ட தோத்ததும் காயெல்லாம் அள்ளிக் கெணத்துல போட்டீங்கல்லா. சோறு திங்காமப் படுத்துட்டீங்க. அன்னைலேர்ந்து அப்பாவும் ஒங்ககிட்ட தோத்துக்கிட்டுத்தான் இருக்காவ."

மாமனாரையே ஆடுபுலியில் மிஞ்சிவிட்டதாக ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவர் அவர். மாமனார் வீட்டார் அத்தனை பேரும் அதை எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க நினைக்க வாத்தியார் கூனிக் குறுகிப் போனார்.

பிறகு தரையில் சாக்குக்கட்டியால் ஒன்பது கட்டம் போட்டார். "இப்ப நெசமா ஆடு."

ஆடினார்கள். ஒரு கட்டம் திறந்து கிடந்தது. அதில் வட்டம் போட்டால் அவளுக்கு ஜெயம். வடிவம்மாள் அதைப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்தது. சாக்குக்கட்டியைப் பிடித்தபடி அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவள் பயப்படாமல் போடட்டும் என்று, வெட்கம் பிடுங்கித் தின்ன, வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.