தெரு முனை வரைக்கும்

“வண்டி நல்லாத்தானே ஓடிட்டிருக்கு? அதைப் போய் ஏங்க பிரிக்கணும்?”

“ஓடுறது பெரிசில்ல. எப்படி ஓடுதுங்கிறதுதான் விஷயம். இப்போ முன் சக்கரம் இழுத்துட்டுப் போகுது, பின் சக்கரம் சும்மா கூடவே உருளுது. நான் அதை மாத்தப் போறேன். இனிமே பின் சக்கரம் தள்ளும்.”

“இழுத்தாலும் தள்ளினாலும் நான் போய்ச் சேரப்போறது அதே ஆஸ்பத்திரிக்குத்தான்.”

“சொன்னா உனக்குப் புரியாது. முதுகுல கை வச்சு, போ போன்னு யாரோ தள்ளிவிடுற மாதிரி இருக்கும். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர் காரின் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டார்.

இப்போது அவர் கூடத்தில், ஸ்ட்ரெச்சர் மேல் படுத்திருந்தார். அவள் குனிந்து அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, கண்ணாடி எதுக்கு அண்ணி?” என்றான் கொழுந்தன், மெதுவாக.

“இல்லேன்னா வேற யாரோ மாதிரி இருக்கார்.”

அவள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கப் பிறர் மூக்கின் மேல் கண்ணாடிச் சட்டத்தை ஏற்றி, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பதுதான் அவள் வேலை. அவருடைய கண்ணின் அளவும் அவள் எடுத்ததுதான். ஒரு காம்பு காதுக்குப் பின்னால் சரியாக உட்காரவில்லை. எடுத்து, விரலால் லேசாக வளைத்து, மறுபடி மாட்டினாள். இப்போது சரியாக இருந்தது. நேற்றுக் காலை அலுவலகம் கிளம்பும்போது, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. கண்ணாடி மட்டும் தரையில் நழுவிக் கிடந்தது. கீறல்கூட விழவில்லை.

கொழுந்தன் போனில் பேசிவிட்டு வந்தான். எல்லா ஏற்பாடும் அவன் தலையில்தான். அழ நேரமில்லாத முகம்.

“அமரர் ஊர்திக்காரன் தெரு முனையிலேயே நிக்கிறான் அண்ணி. வண்டி உள்ள வராதாம். குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கானே, பாதித் தெருதான் மிச்சம் இருக்கு. அதுவரைக்கும் தூக்கிட்டுப் போயிடலாம், ஆள் இருக்கு. ஆனா வாசல்ல இது நிக்குதே.”

‘கார்’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் புரிந்தது.

வாசலில் அந்தச் சின்னக் கார், வீட்டுக்கு முதுகையும் தெருவுக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு, போர்டிகோவை அடைத்துக்கொண்டு நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம்தான். பல வருஷமாக இந்த வீட்டுக்குள் எல்லோரும் அப்படித்தான் வந்து போனார்கள். “மருமகளை ஒல்லியாப் பாத்துத்தான் எடுக்கணும்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இன்று காலையிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஒருக்களித்து வெளியே போக அவர் ஒருவரால்தான் முடியாது.

“நகத்திடுங்க” என்றாள்.

மகன் எழுந்தான். நேற்று இரவு பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவன், ஏதாவது செய்யக் கிடைத்ததே என்பது போல எழுந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தச் சாவியைப் பார்த்ததும் அவளுக்கு அவருடைய கை ஞாபகம் வந்தது.

கார் அவளுடையது. அவள் சம்பளத்தில் வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தினமும் அவளே ஓட்டிப் போவாள், தனியாக. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து எங்காவது கிளம்பினால், வாசற்படி இறங்கியதும் அவர் கை தானாக நீளும். உள்ளங்கை மேலே பார்த்தபடி. அதிகாரமெல்லாம் இல்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டே நடந்தாலும் கை நீண்டுவிடும். அவளும் சாவியை வைத்துவிடுவாள். பிறகு அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்காருவாள். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். வண்டி ஓட்டும்போது மட்டும் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

கேட்க நினைத்தது பெரிய விஷயமே அல்ல. ஒரு நாள் நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவ்வளவுதான். அவள் நன்றாக ஓட்டுவாள். கிளட்சைத் தண்ணீர் தளும்பாத மாதிரி விடுவாள். சந்தைச் சாலையின் நெரிசலில் ஹார்ன் அடிக்காமல் போய்விடுவாள். கூட வேலை பார்க்கும் பெண்களெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவர் மட்டும்தான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட.

அப்புறம் அவர் காரைப் பிரித்தார். அவள் பஸ்ஸில் போகத் தொடங்கினாள். ஒவ்வொரு ஞாயிறும் அவரும் அவருடைய லேத் பட்டறைச் சிநேகிதரும் காருக்கு அடியில் கிடந்தார்கள். குறுக்கே இருந்த இன்ஜினை நேராகத் திருப்பினார்கள். தரையை வெட்டி, நடுவே ஒரு நீளக் கூடு கட்டி, அதற்குள் இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கடத்தும் ஷாஃப்டை ஓட்டினார்கள். பழைய சரக்கு வண்டியிலிருந்து பின் ஆக்ஸிலை, சக்கரங்களைச் சுழற்றும் அச்சை, கொண்டுவந்து பொருத்தினார்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று முன்னால் ஓர் இருக்கையையும் பின்னிருக்கை முழுவதையும் கழற்றி மாடியில் போட்டார்கள். வெட்டினது தப்பு, ஒட்டினது தப்பு என்று பாதி நாள் செய்ததைப் பிரிப்பதிலேயே போகும். அவள் டீ கொண்டுபோய் வைத்தால், அடியிலிருந்து ஒரு கை மட்டும் வந்து டம்ளரைத் தேடும்.

வாசலில் இன்ஜின் உறுமியது.

“தம்பி! முதல் கியர் போடாதப்பா! போடாத…” என்று யாரோ கத்துவதற்குள் கார் பின்பக்கமாகப் பாய்ந்து வந்து வாசற்படியில் இடித்து நின்றது. பூந்தொட்டி ஒன்று கவிழ்ந்து உருண்டது. உள்ளே பெண்கள் பதறி எழுந்தார்கள்.

கத்தியது லேத்காரர். காலையிலிருந்து உள்ளே வராமல், போர்டிகோ ஓரத்தில் ஒரு பழைய டயர் மேல் குந்தியிருந்தவர்.

“நான் முதல் கியர்தான் மாமா போட்டேன்” என்றான் மகன், முகம் வெளிறி.

“அதான்டா போடக் கூடாது. முதல் கியர் போட்டா பின்னாடி போகும்.”

“என்னய்யா உளர்றீங்க?” என்றான் கொழுந்தன்.

“பின் ஆக்ஸிலத் தலைகீழா மாட்டிட்டோம் சார். ஷாஃப்ட் தரையில இடிக்குதேன்னு ஆக்ஸிலத் திருப்பிப் போட்டோம். இடிக்கல. ஆனா சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்துது.” லேத்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “பின்னாடி போக நாலு கியர். முன்னாடி போக ஒண்ணே ஒண்ணு. ரிவர்ஸ் போட்டாத்தான் முன்னாடி போகும்.”

“இதுக்கா இத்தனை வருஷம்? நல்லா இருந்த வண்டியக் கெடுத்து… அதுவும் ரெண்டு பேரும் சேந்து…” கொழுந்தன் திட்டத்தான் ஆரம்பித்தான். நடுவில் அவன் தோள் குலுங்கியது. “நாலு ரிவர்ஸா? எங்கண்ணன் செய்யிற வேலையா இது…” சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினான். பொத்திய கையை எடுக்கும்போது அழுதுகொண்டிருந்தான். லேத்காரர் எழுந்துபோய் அவன் முதுகில் கை வைத்தார்.

அவள் கூடத்திலிருந்து எழுந்தாள்.

போன ஞாயிறு இதே சத்தம்தான். அவளை வாசல் கேட்டின் அருகே நிற்கவைத்து, “வழிய விடு, வழிய விடு, பறக்கப் போறேன்” என்றார். பறந்தார், பின்பக்கமாக. இறங்கி, காரைச் சுற்றி வந்து, குந்தி அடியில் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை சிரித்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் ஒன்றாகச் சிரித்தது.

“அடுத்த ஞாயிறு கழட்டித் திருப்பிப் போட்டுடறேன்” என்றார்.

இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. “என்னங்க…”

“ம்?”

அவர் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

“ஒண்ணுமில்ல. கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

வண்டி சரியாகட்டும், அடுத்த ஞாயிறு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு.

அவள் வாசலுக்கு வந்தாள். காரின் பின்கதவு படியை ஒட்டி நின்றது. கதவைத் திறந்தால் கூடத்திலிருந்து நேராக உள்ளேயே வைத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். கண்ணாடி வழியே பார்த்தாள். இருக்கைகள் இல்லாத பக்கம் பின்கதவிலிருந்து முன்பக்கம் வரை ஒரே நீளமாக வெறுமையாகக் கிடந்தது. ஓட்டுநர் இருக்கை மட்டும் தனியாக நின்றது.

“பின்கதவத் திறங்க” என்றாள் லேத்காரரிடம்.

அவர் அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கதவைத் தூக்கினார். உள்ளே கிடந்த நட்டுகளையும் கம்பித் துண்டுகளையும் வழித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோளில் இருந்த துண்டை மடித்துத் தரையில் விரித்தார்.

கொழுந்தனுக்கு அப்போதுதான் புரிந்தது. “அண்ணி, வேணாம் அண்ணி. ஓடுமோ ஓடாதோன்னு ஒரு வண்டி. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“அந்த நாலு பேரும் பின்னாலேயே நடந்து வரட்டும். இது நடக்கிற வேகத்துக்கு மேல போகாது.”

“அதுக்கில்ல…”

“முனை வரைக்கும்தானே தம்பி. அங்க இருந்து அந்த வண்டியிலேயே போகட்டும்.”

அவள் அவனிடம் இதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, லேத்காரரிடம் திரும்பினான். “பள்ளத்துல விடாம போகுமா?”

“போகும் சார். பிரேக் புதுசு. அதை மட்டும் சரியாப் போட்டிருக்கோம்.”

மகன் இன்னும் சாவியோடு நின்றான். “அம்மா, நீ உள்ள இரு. நான் ஓட்டுறேன்.”

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

மகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதிலிருந்து அந்த வாசலில் அவன் எத்தனையோ தடவை பார்த்த கை அது. அப்புறம் சாவியை அதில் வைத்துவிட்டு, அப்பாவைத் தூக்க உள்ளே போனான்.

தூக்கி வந்தார்கள். படியில் யாரோ, கால் முன்னாலா தலை முன்னாலா என்று கேட்டார்கள்.

“தலை என் பக்கம் வரட்டும்” என்றாள்.

ஸ்ட்ரெச்சர் ஷாஃப்ட் கூட்டின் ஓரமாக உரசிக்கொண்டு உள்ளே போனது. அளவெடுத்துக் கட்டியது போல இடம் சரியாக இருந்தது. லேத்காரர் கதவை ஒரு முறை உயர்த்தி, அழுத்தி மூடினார்; அந்தக் கதவு அப்படித்தான் மூடும் என்று அவருக்குத் தெரியும். மூடிய பிறகும் கையை எடுக்காமல் நின்றார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை அவர் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. அடியில் கைவிட்டு, நெம்புகோலைத் தேடி, முன்னால் இழுத்துக்கொண்டாள். பின்புறம் காட்டும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அதில் மகனும் கொழுந்தனும், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் தெரிந்தார்கள். எல்லோரும் இறங்கி நின்றுவிட்டதில் வீட்டு வாசல் அகலமாகத் திறந்து கிடந்தது.

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பக்கத்தில், அவள் இடுப்புக்குக் கீழே, அவர் முகம். படியிலிருந்து ஏற்றியதில் மூக்குக்கண்ணாடி சற்று இறங்கியிருந்தது. ஒரு விரலால் அதை மேலே தள்ளிவிட்டாள்.

ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கிளட்சைத் தண்ணீர் தளும்பாத மாதிரி விட்டாள். கார் முன்னால் நகர்ந்தது. இருக்கை அவள் முதுகை மெல்லத் தொட்டது.

கேட்டைத் தாண்டும்போது, அவரைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“என்னங்க… இன்னைக்கு நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல இருங்க.”