நட்சத்திரம் போட்ட நோட்டு

அவருக்கு நோட்டு அச்சடிக்கும் இடத்தில் வேலை. எண்ணில் மை இழுபட்டிருக்கிறதா, பாதுகாப்பு இழை சரியான இடத்தில் ஓடுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அது விடாது. கண்ணை மூடினால் எழுத்தும் எண்ணுமாக மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். சில சமயம் அவற்றுக்கு நடுவில் மூத்த மகளும் நடந்து போவாள். எங்கே போகிறாய் என்று கேட்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

மூத்தவள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். பிறகு பிறந்தவளுக்கு முறையாகப் பெயர் வைக்காமலே எல்லோரும் வாலு என்றே கூப்பிட்டு வந்தார்கள். நாளைக்கு அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மூத்தவளின் பெயரையே கொடுத்துவிடுவதாக மனைவி முடிவு கட்டியிருந்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேலையிடத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் கத்துகிற மனிதர், வீட்டில் பிள்ளைப்பூச்சி.

மனைவி பரணிலிருந்து மூத்தவளுக்கென்று வாங்கிய பையை இறக்கித் தூசி தட்டினாள். சிவப்பு நூலில் அவள் தைத்த பெயர் அப்படியே இருந்தது. வாலு அப்பாவின் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நோட்டின் வெள்ளைப் பகுதியில் ஒரு முகம் மங்கலாக எழுந்தது. அந்த வெயில் அவள் கன்னத்திலும் விழ, அங்கே மூத்தவள் ஒரு கணம் தெரிந்து மறைந்தாள். மனைவியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்த நம்பர்ல எதுக்கு நட்சத்திரம்?"

"அச்சடிக்கும்போது ஒரு நோட்டு கெட்டுப்போனா எடுத்துடுவோம். கட்டுல ஒண்ணு குறையுமில்ல, அந்த இடத்துல இதை வைப்போம். அதுக்கு அடையாளம்."

"அப்ப அதோட நம்பர்தான் இதுக்குமா?"

"சேச்சே. அந்த நம்பர் அதோடயே போயிடும். இதுக்குத் தனி நம்பர்."

வாலு நோட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "அப்ப எனக்கு மட்டும் ஏன் அக்கா பேரு?"



"உங்க அக்கா ஒண்ணும் கெட்டுப்போன நோட்டு இல்ல" என்றாள் மனைவி.

"இல்லதான்" என்றார் அவர். தான் பேசுவது அவருக்கே கனவு போல இருந்தது. "வெறும் காகிதத்துக்கே நாங்க அந்த மரியாதை தர்றோம். அவ பேரு அவளோடயே இருக்கட்டும்மா. இன்னொருத்தருக்குக் கொடுக்க வேண்டாம்."

மனைவி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் அழுகை வந்தது.

காலையில் பை வாலுவின் தோளில் தொங்கியது. சிவப்பு நூலைக் காணவில்லை. ஊசி போன துளைகள் மட்டும் இருந்தன.

பள்ளியில் டீச்சர் பெயரைக் கேட்டார். மனைவி வாயைத் திறந்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவளோ மகளின் தலையில் கையை வைத்து, "நீயே சொல்லு" என்றாள்.

வாலு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னாள். அவர்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் இல்லாத பெயர். அம்மா அதை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.