சாலா கேட்ட நாய்

நெற்குப்பையில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் களவு போன வருஷம், செம்மலைச் செட்டியாரும் அவர் தம்பி அழகுசுந்தரமும் வீட்டுக்குப் பெரிய நாயாக ஒன்று கொண்டுவருவதென்று முடிவு செய்தார்கள். கொடைக்கானலில் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்புவதாக இருந்தார். தம்மிடம் இரண்டு நாய்கள் இருப்பதாகவும், பிடித்த ஒன்றைக் கொண்டுபோகலாம் என்றும் சொல்லியனுப்பியிருந்தார். பகலெல்லாம் வீட்டோடு இருப்பவர்கள் பெண்கள்தானே, அவர்களே பார்த்து எடுக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதனால்தான் அந்தத் தை மாதத்தில் அவர் மனைவி மெய்யம்மையும் தம்பி மனைவி சாலாவும் அழகுசுந்தரத்தோடு மோட்டாரில் மலை ஏறினார்கள்.

ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு. மெய்யம்மை ஒருநாளும் சாலாவைக் கடிந்து பேசியதில்லை. சாலாவுக்கு அதுவே பொறுக்கவில்லை. யார் வீட்டுத் தவழும் குழந்தையும் மெய்யம்மையைக் கண்டால் கை நீட்டும். வேலைக்காரிகள் சாலாவின் அடுப்படியில் வேலை செய்துகொண்டே மெய்யம்மையின் அடுப்படிச் சமையலைப் புகழ்வார்கள். சாலா ஆசையாக எடுத்த புடவையைப் பார்த்தவர்கள்கூட, “மெய்யம்மை ஆச்சிக்கு எடுத்தா இன்னும் எடுப்பா இருக்கும்” என்றார்கள். அன்று முழுக்கச் சாலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

துரையின் பங்களா முற்றத்தில் இரண்டு நாய்களும் கிடந்தன. ஒன்று நியூஃபவுண்ட்லாந்து சாதி. கன்னங்கரேலென்று, கன்றுக்குட்டி அளவு. மற்றொன்று செயின்ட் பெர்னார்ட். செம்பட்டையும் வெள்ளையுமாக அதைவிடப் பெரியது. இரண்டுக்கும் கம்பளி போர்த்தியது போல முடி.

துரைசானி சொல்லச் சொல்ல அழகுசுந்தரம் தமிழில் எடுத்துச் சொன்னார். “ரெண்டுமே குளிர்ச்சீமை நாயாம். நம்மூரு வெயிலுக்கு ஆகாதுங்கிறாக. கட்டாயம் வேணும்னா கறுப்பு கொஞ்சம் தாங்குமாம், ஊருணித் தண்ணியில போயி கெடந்துக்கிருமாம். மத்தது பனியில பொறந்தது. வாய்நீரும் ஒழுகிக்கிட்டே இருக்குமாம்.”

அதற்குள் கறுப்பு நாய் எழுந்து வந்து, படியில் உட்கார்ந்திருந்த மெய்யம்மையின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மெய்யம்மை அதன் காதைத் தடவிக்கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியைச் சாலா பார்த்ததே இல்லை.

‘நாய்கூட இவளிடந்தான் போகிறது’ என்று சாலாவுக்கு வயிறு எரிந்தது.

“எனக்கு அந்தச் செம்பட்டைதான் வேணும்” என்றாள்.

“இப்பத்தானே சொன்னேன், அது வெயிலு தாங்காதுன்னு” என்றார் அழகுசுந்தரம்.

“அதுதான் பெருசா இருக்கு. கள்ளன் எதைப் பாத்துப் பயப்படுவான்?”

மெய்யம்மை மடியிலிருந்த தலையை மெல்ல இறக்கி வைத்தாள். “சாலா பிரியப்படுறா. அதையே கொண்டுபோவோம்” என்றாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதுவும் மெய்யம்மை விட்டுக்கொடுத்துக் கிடைத்ததாகப் போயிற்று. இறங்கும் வழியெல்லாம் சாலா முகத்தை வெளிப்பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள்.

செம்பட்டை நாய் புரூனோ வந்து இறங்கிய அன்று ஊரே வாசலில் கூடியது. அமராவதிபுதூரிலிருந்துகூட வண்டி கட்டி வந்து பார்த்தார்கள். நாயைத் தேர்ந்தெடுத்தது சாலாதான் என்று தெரிந்ததும் எல்லோரும் அவளிடமே கேள்வி கேட்டார்கள். அவளுக்கு மாசி முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

பங்குனி பிறந்ததும் நாய் இடம் மாறியது. மெய்யம்மையின் அடுப்படிக்கு வெளியே, தண்ணீர் அண்டாக்கள் இருக்கும் நடையில் கல்தரை சில்லென்றிருக்கும். புரூனோ காலையில் போய் அங்கே விழுந்தால் பொழுது சாய்ந்தால்தான் எழுந்திருக்கும். சாலா பால்சோறு பிசைந்து கொண்டுபோய் வைத்தாலும் திரும்பிப் பார்க்காது.

“என்னத்தப் போட்டு வளைச்சுப் பிடிச்சீக, ஆச்சி?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“நான் ஒண்ணும் போடலயே, சாலா. அதுக்குக் குளுமை வேண்டியிருக்கு.”

சாலா நம்பவில்லை. சித்திரையில் மெய்யம்மை நாச்சியாபுரத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த அன்று, நாயைத் தன் பக்கத்து இரண்டாங்கட்டு முற்றத்துத் தூணில் கட்டினாள். பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீரும் வைத்தாள். இனி இது என் காலடியில்தான் கிடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டாள்.

எழுந்து வந்தபோது வெயில் தூணைத் தாண்டி நாயின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சட்டி கவிழ்ந்து கிடந்தது. நாய் பக்கவாட்டில் சாய்ந்து, நாக்கு கறுத்து, இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

“அன்னக்கிளி, ஓடியா” என்று வேலைக்காரியைக் கூப்பிட்டாள். இருவரும் நாயைச் சாக்கில் புரட்டிப் போட்டு, மெய்யம்மையின் நடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சாலா அண்டாத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். தன் புடவைகளை நனைத்து அதன் மேல் போர்த்தினாள். அழுதுகொண்டே விசிறினாள். வெகுநேரம் கழித்து நாய் தலையைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மெய்யம்மை வந்தாள். நனைந்த தரையையும் நாயின் மேல் கிடந்த புடவைகளையும் பார்த்தாள்.

“நான்தான் வெயில்ல கட்டிப்புட்டேன்” என்றாள் சாலா. “உங்ககிட்ட வரக்கூடாதுன்னு.”

மெய்யம்மை அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

“எனக்கு அந்தக் கறுப்பு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, சாலா” என்றாள். “நீ வாயத் தொறந்து இதுதான் வேணும்னுட்ட. எனக்கு அப்படிக் கேக்க வரமாட்டேங்குது. கலியாணமாகி வந்ததிலிருந்து நல்லவ நல்லவன்னு சொல்லியே என் வாயக் கட்டிப்புட்டாக. அன்னைக்கு வண்டியில உன்னையப் பாக்கப் பாக்க எனக்கு அம்புட்டுப் பொறாமை.”

“என்னையப் பாத்தா?”

“ஆமா.”

சாலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெய்யம்மை தன்னைப் பார்த்து ஏங்கியிருப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்கும் மேலே, நெஞ்சு நிறைந்து ஒரு சந்தோஷம். வெட்கமாக இருந்தாலும் அதை உதறிவிட அவளுக்கு மனமில்லை.

அந்த வாரமே செம்மலைச் செட்டியார் புரூனோவை மலைக்குக் கொண்டுபோய், தெரிந்த பாதிரியார் ஒருவரிடம் விட்டுவந்தார். கறுப்பு நாயைத் துரை தம்மோடு கப்பலில் கொண்டுபோய்விட்டாராம். அதைக் கேட்டு மெய்யம்மை அன்று சாப்பிடவில்லை. சாலா அவளுக்காகத் தன் அடுப்பில் பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு நடையைக் கடந்து போனாள்.