ஆறாவது ஆணி

திங்கட்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் அழகுராஜா சார் தன் சார்ட்டை லிடியாவின் மேசைமேல் விரித்தார்.

"வியாழக்கிழமை அதிகாரிங்க முன்னாடி நடத்தப்போற பாடம் டீச்சர். சரியா இருக்கான்னு செத்த பாத்துச் சொல்லுங்க."

வரிசையாக வட்டங்கள். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள், எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று சேர்க்கும் கோடுகள். ஒரு புள்ளி இருந்தால் வட்டம் ஒரே துண்டு. இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு. ஆறு புள்ளிக்கு 32.'

ஆறு புள்ளிக்கு முப்பத்தொன்றுக்கு மேல் வராது என்பது லிடியாவுக்குத் தெரியும். அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"அருமையா இருக்கு சார். ஒண்ணும் மாத்தாதீங்க."

அவர் மலர்ந்த முகத்தோடு சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்.

போன வருடம் லிடியா தன் எட்டாம் வகுப்பைப் பள்ளித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினாள். ஒரு கட்டத்துக்கு ஒரு செவ்வந்திச் செடி. சதுரப் பாத்தியைச் சுற்றிக் கட்டத்துக்குக் கட்டம் செங்கல். ஒரு செடிக்கு எட்டுக் கல், பக்கத்துக்கு இரண்டு செடி என்றால் பன்னிரண்டு, மூன்று என்றால் பதினாறு. "பக்கத்துக்கு நூறு செடின்னா?" என்று கேட்டதும் மணிமேகலை என்கிற பெண் கல்லை எண்ணாமலே சொன்னாள். "நாலு பக்கத்துக்கும் நூறு நூறு, மூலைக்கு நாலு. நானூத்தி நாலு மிஸ். எத்தனை செடி வச்சாலும் இப்படித்தான் வரும்." அவள் சேவுகம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் செய்பவரின் மகள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் லிடியா மூன்று வாரம் உழைத்திருந்தாள்.

அன்று போட்டோ எடுக்க வந்த அழகுராஜா, அந்தப் பாடத்தைத் தன் பேரில் ஆசிரியர் போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கிவிட்டார். நியாயம் கேட்டபோது எல்லார் முன்னாலும் சிரித்தார். "செங்கல் அடுக்குனதுக்கெல்லாம் பேரு போடணும்னா கொத்தனாருக்குத்தான் டீச்சர் மொதப் பரிசு கொடுக்கணும்." அறையே சிரித்தது.

அந்தச் சிரிப்பை லிடியா ஒரு வருடமாக மறக்கவில்லை. இரவு ஜெபத்தில் 'பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிப்பதுபோல' என்ற வரி வரும்போது மட்டும் அவள் உதடு மூடிக்கொள்ளும். கடவுளுக்கு அது தெரியாது என்று அவள் நினைக்கவில்லை. தெரிந்தும் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

மணிமேகலை இந்த வருடம் அழகுராஜாவின் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை லிடியா அவளைக் கூப்பிட்டு ஒரு வட்டப் பலகையும் ஆறு ஆணிகளும் நூலும் கொடுத்தாள். மறுநாள் காலையில் அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மிஸ், அஞ்சு தடவ எண்ணிட்டேன். முப்பத்தொண்ணுதான் வருது! நடுவுல கடுகு மாதிரி ஒரு முக்கோணம் இருக்கு, அதையும் சேத்துத்தான்."

"நாளைக்கு அழகுராஜா சார் முப்பத்திரெண்டும்பாரு. அப்ப எந்திரிச்சு, எண்ணிப் பாத்தீங்களா சார்னு கேளு."

"சார் பாவம்ல மிஸ்? இப்பவே போய்ச் சொல்லிரவா?"

"வேணாம். நாளைக்குக் கேளு போதும்."

வியாழக்கிழமை வகுப்பின் பின்வரிசையில் கல்வி அதிகாரி அம்மாவும் பத்துப் பதினைந்து ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். லிடியா ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாள். அங்கிருந்து அழகுராஜாவின் முகம் நன்றாகத் தெரியும்.

ஐந்து புள்ளி வட்டம்வரை காட்டிவிட்டு அவர் கேட்டார். "அடுத்து என்ன வரும்?"

"முப்பத்திரெண்டு!" வகுப்பு கத்தியது.

மணிமேகலை திரும்பி லிடியாவைப் பார்த்தாள். லிடியா தலையசைத்தாள்.

"சார், ஆறு புள்ளி வச்சு எண்ணிப் பாத்தீங்களா?"

"ஏம்மா, எண்ணிக்கிட்டே இருக்கவா விதி கண்டுபிடிக்கிறோம்?"

"எண்ணுனா முப்பத்தொண்ணுதான் சார் வருது." அவள் பையிலிருந்து பலகையை எடுத்தாள்.

அதிகாரி அம்மா எழுந்து வந்து பலகையை வாங்கி, பேனா முனையால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு எண்ணினார். முப்பத்தொன்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போன வருடம் கேட்ட அதே சிரிப்பு. லிடியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அழகுராஜாவின் கழுத்தில் வியர்வை ஓடியது. அவர் லிடியாவைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற மணிமேகலைமேல்தான் பாய்ந்தார்.

"யாரு சொல்லிக்கொடுத்தா உனக்கு? என்னைய அசிங்கப்படுத்தணும்னே பலகை செஞ்சு கொண்டாந்தியா? சொல்லு!"

மணிமேகலையின் கண்கள் நிறைந்தன. ஆனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் எண்ணுனேன்."

பதினாலு வயதுப் பெண் தன் டீச்சரை மறைத்துக்கொண்டு நின்றாள். குளிர்ந்த நெஞ்சில் சுடுதண்ணீர் பட்டது போலிருந்தது லிடியாவுக்கு. தான் குறிவைத்தது யாரை, காயம் பட்டது யாருக்கு என்று இப்போதுதான் தெரிந்தது. அவள் எழுந்தாள்.

"பலகை நான் கொடுத்தது மேடம். சார் திங்கக்கிழமையே சார்ட்டக் காட்டி, சரியான்னு கேட்டாரு. தப்புன்னு தெரிஞ்சும் அருமையா இருக்குன்னு சொன்னேன். அவர் தலைகுனியணும்னுதான் சொன்னேன். இந்தப் பிள்ளைமேல ஒரு குத்தமும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலகையை மணிமேகலையின் கையில் கொடுத்து, "அஞ்சு வரைக்கும் சரியா வந்தது ஆறுல ஏன் மாறுச்சு? எல்லாருக்கும் காட்டும்மா," என்றார். பாடம் மறுபடி தொடங்கியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆணியிலிருந்து நூலைக் கட்டினாள்.

லிடியாவிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள். செவ்வந்திப் பாத்தியைப் பற்றி அழகுராஜா இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு பேசவே பயந்து லிடியா இரண்டு வாரம் ஆசிரியர் அறையில் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தாள். தினமும் ஜெபத்தில் அந்த வரியைச் சொல்லப் பார்த்தாள். சில நாள் குரல் வந்தது, சில நாள் வரவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு மதியம், அவள் மேசைமேல் ஒரு சார்ட் வந்து விழுந்தது. இந்தத் தடவை தீக்குச்சிச் சதுரங்கள்.

"இந்தத் தடவையாச்சும் நெசத்தைச் சொல்லுங்க டீச்சர்," என்றார் அழகுராஜா. முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

லிடியா பென்சிலைக் கூராக்கினாள். முதல் சதுரத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.